ஆர்டி350 ஆயில் பம்ப்: இடது குழாயில் மட்டும் காற்றுக் குமிழி ஏன் வருகிறது?

தம்பியின் கேள்வி சுருக்கமாக இது. சித்தப்பாவிடமிருந்து வந்த 1974 மாடல் யமஹா ஆர்டி350 (இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் வண்டி), டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் ஒரு கராஜில் பல ஆண்டுகள் நின்றிருக்கிறது. புது பிஸ்டன், ரிங் போட்டு ஓட்டத் தொடங்கிய பிறகு, ஆயில் பம்பிலிருந்து இன்ஜினுக்குப் போகும் இரண்டு மெல்லிய குழாய்களில் இடது பக்கத்தில் மட்டும் காற்றுக் குமிழி தெரிகிறது. காற்றை எடுத்துவிட்டால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கிறது, பிறகு மறுபடி வருகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இடது சைலன்சரில் மட்டும் புகை அள்ளுகிறது. பழைய குழாய்கள் விறைத்துப் போயிருந்ததால் மீன்தொட்டிக் கடையில் வாங்கிய குழாயைப் போட்டிருக்கிறார். பார்த்த மெக்கானிக், "பம்ப் போச்சு, கழற்றி அடைச்சிட்டு பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஓட்டு" என்கிறார். அப்படிச் செய்யலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. பம்பை அடைக்கவும் வேண்டாம், வேறு பம்ப் தேடி அலையவும் வேண்டாம். பம்ப் கெட்டது என்று சொல்வதற்கு நீங்கள் எழுதியதில் ஆதாரமே இல்லை. குழாயில் குமிழி தெரிந்தால் எங்கோ காற்று நுழைகிறது என்று மட்டும்தான் பொருள். அந்த வாசலைக் கண்டுபிடித்த பிறகுதான் எந்தப் பாகத்தையும் தொட வேண்டும். உங்கள் விஷயத்தில் "இடது பக்கம் மட்டும்", "காலையில் புகை" என்ற இரண்டு தகவலும் சேர்ந்து ஓர் இடத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன.

அதற்குள் போகுமுன் ஒரு வேலை. இது தீரும் வரை பெட்ரோல் டாங்கிலும் ஆயில் கலந்தே வண்டியைக் கிளப்புங்கள். லிட்டருக்கு 30 மில்லி போதும். பம்பும் வேலை செய்தால் புகை கூடும், பிளக் கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான். பம்பை நம்பி வெறும் பெட்ரோலில் ஓட்டி, இடது சிலிண்டருக்கு எண்ணெய் போகாவிட்டால் புது பிஸ்டன் சில நிமிடங்களில் சிலிண்டரில் இறுகி சீஸ் ஆகிவிடும். சோதனைக்காக வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்வதற்கும் இதே விதிதான்.

பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று மனதில் இருந்தால் பாதி நோயை வெளியிலிருந்தே படித்துவிடலாம். பம்பே இன்ஜினுக்கு எண்ணெய் கொடுக்கும் இந்த ஆட்டோலூப் முறையை யமஹா 1964-இல் ஒய்ஏ-6 வண்டியில் கொண்டுவந்தது. அதன் பிறகு சுசுகி, கவாசாகி எல்லாரும் தங்கள் தங்கள் வழியில் இதையே செய்தார்கள். உள்ளே சுழன்றபடியே முன்னும் பின்னும் நகரும் ஒரு சின்ன பிளஞ்சர் இருக்கிறது. பின்னால் போகும்போது ஆயில் தொட்டியின் எண்ணெயை உள்ளே இழுக்கிறது, முன்னால் வரும்போது தள்ளுகிறது. சுற்றும் வேகம் இன்ஜினைப் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதை ஆக்சிலரேட்டர் கேபிளோடு சேர்ந்த கப்பி முடிவு செய்கிறது. ஐடிலில் அந்தத் தூரம் கால் மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அவ்வளவு சின்ன நகர்வில் எண்ணெய் இருந்தால் அப்படியே தள்ளப்படும், ஏனென்றால் எண்ணெய் சுருங்காது. காற்று இருந்தால் அது சுருங்கும், விரியும், மறுபடி சுருங்கும். பிளஞ்சர் ஆடிக்கொண்டே இருக்கும், வெளியே ஒரு சொட்டும் போகாது. நல்ல பம்ப்கூட இந்த நிலையில் செத்த பம்ப் மாதிரிதான் தெரியும். நல்ல பம்புகள் பல குப்பைக்குப் போவதற்கு இதுதான் காரணம்.

இப்போது இடது பக்கம் மட்டும் ஏன் என்பதைப் பார்ப்போம். ஆர்டி350-இல் தொட்டியிலிருந்து ஒரே குழாய் பம்புக்குள் வருகிறது. ஒரே பிளஞ்சர்தான் இரண்டு சிலிண்டருக்கும் எண்ணெய் பகிர்கிறது. பம்புக்குள் நுழையும் முன்பே காற்று கலந்திருந்தால் வலது, இடது இரண்டு குழாயிலும் குமிழி வர வேண்டும். உங்களுக்கு வலது குழாய் சுத்தமாக இருக்கிறது. ஆகவே தொட்டி, தொட்டிக் குழாய், மூடி, பிளஞ்சர் எல்லாவற்றையும் சந்தேகப் பட்டியலில் பின்னுக்குத் தள்ளிவிடலாம். மிஞ்சுவது பம்பின் இடது வெளியேறும் வாயில் தொடங்கி, எண்ணெய் இன்ஜினுக்குள் நுழையும் முனையான இடது நாசில் வரைக்குமான பகுதி. அந்தப் பகுதியில் நான்கு பொருள்தான் இருக்கின்றன: பேஞ்சோ போல்ட்டும் (நடுவில் எண்ணெய் போகத் துளையுள்ள போல்ட்) அதன் வாஷர்களும், ஒரு பக்கம் மட்டும் வழிவிடும் செக் வால்வின் குண்டும் ஸ்பிரிங்கும், குழாய், நாசில் இணைப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பம்ப் வண்டியின் வலது பக்கம் இருக்கிறது. அதனால் இடது குழாய் நீளம் அதிகம், இன்ஜின் மேலாக வளைந்து போகிறது. எண்ணெய் மிக மெதுவாக நகரும் குழாயில் காற்று எப்போதும் மேடான வளைவைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய் அதன் அடியில் ஊர்ந்து போகும், குமிழி அங்கேயே நிற்கும். காற்று எடுத்ததாக நினைத்த பிறகும் பழைய குமிழியே வளைவில் ஒளிந்திருந்து, வண்டியின் அதிர்வில் கொஞ்சம் இடம் மாறி, "புதுக் குமிழி" என்று பயமுறுத்துவது உண்டு. ஆகவே முதல் சோதனை ஒரு மார்க்கர் பேனா. ராத்திரி வண்டியை நிறுத்தும்போது குமிழியின் இரு முனையையும் குழாயின் மேல் கோடு போட்டு வையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். அதே இடத்தில் அதே நீளத்தில் இருந்தால் அது பழைய குமிழி, காற்றெடுப்பு முழுமையாகவில்லை. நீளம் கூடியிருந்தால் ஏதோ ஓர் இணைப்பு காற்றை விடுகிறது. குமிழி இன்ஜின் பக்கம் நகர்ந்திருந்தால் அல்லது மறைந்தே போயிருந்தால், ராத்திரி முழுக்க எண்ணெய் தானாக இன்ஜினுக்குள் வடிந்திருக்கிறது என்று அர்த்தம். காலைப் புகையை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இந்த மூன்றாவதுதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

காரணம் செக் வால்வு. ஒரு சின்ன எஃகுக் குண்டு, அதை இருக்கையில் அழுத்தும் மெல்லிய ஸ்பிரிங். பம்ப் தள்ளும்போது மட்டும் குண்டு விலகி வழிவிட வேண்டும், மற்ற நேரமெல்லாம் மூடியிருக்க வேண்டும். சில மாடல்களில் இது பம்பின் வெளியேறும் வாயிலில் இருக்கும், சிலவற்றில் நாசிலில். சுசுகியின் ஜிடி வரிசையில் எண்ணெய் நேராக கிராங்க் பேரிங்குக்கே போகும், அங்கும் குழாயின் முனையில் செக் வால்வு உண்டு. பல ஆண்டு நின்ற வண்டியில் பழைய எண்ணெய் காய்ந்து வார்னிஷ் மாதிரி ஒட்டியிருக்கும். அதில் ஒரு துகள் குண்டுக்கும் இருக்கைக்கும் நடுவே சிக்கினால் போதும். தொட்டியின் எண்ணெய் மட்டம் நாசிலைவிட உயரத்தில் இருப்பதால், பம்பின் உள்ளே இருக்கும் நுண்ணிய இடைவெளி வழியாக எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து இடது கிராங்க் கேஸில் தேங்கும். காலைப் புகை அதுதான். ஓடும்போது நடப்பது வேறு. இன்ஜின் மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் மூடாத வால்வு வழியாகக் குழாயில் இருக்கும் எண்ணெயை உறிஞ்சுகிறது. ஐடிலில் பம்ப் தருவதைவிட உறிஞ்சல் வேகமாக இருந்தால் குழாய் வெறுமையாகும். இன்டேக்கின் அழுத்தமோ ஒரே பக்கமாக இழுப்பதில்லை, துடிக்கிறது. திரும்பும் துடிப்பு காற்றைக் குழாய்க்குள் தள்ளுகிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது காற்றுக் கசிவாகத் தெரிகிறது.

இதை ஊகத்தில் விடாமல் பிரித்துப் பாருங்கள். இடது குழாயை நாசில் பக்கத்தில் மட்டும் கழற்றி, அதன் முனையை எண்ணெய் நிரம்பிய ஒரு சின்ன பாட்டிலுக்குள் முக்குங்கள். பம்பைக் கையால் சுற்றுங்கள். பல பழைய யமஹா பம்புகளில் இதற்கென்றே ஒரு சின்ன பிளாஸ்டிக் சக்கரம் இருக்கும், அதில் அம்புக்குறி சுற்ற வேண்டிய திசையைக் காட்டும். பம்ப் கேபிளை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றினால் வேலை சீக்கிரம் முடியும். முதலில் குழாயில் இருந்த குமிழிகள் வெளியேறும். அதன் பிறகும் குமிழி வந்துகொண்டே இருந்தால் காற்று பம்பிலோ பேஞ்சோ வாஷரிலோ நுழைகிறது. எண்ணெய் மட்டும் சுத்தமாக வந்தால், நாசில் முனையோ செக் வால்வோதான் குற்றவாளி.

அடுத்த சோதனைக்குச் செலவே இல்லை. இடது பக்கத்துக் குண்டையும் ஸ்பிரிங்கையும் வலது பக்கத்தோடு மாற்றிப் போடுங்கள். குமிழியும் காலைப் புகையும் வலது பக்கத்துக்குக் குடிபோனால் வழக்கு முடிந்தது. அதே இடது பக்கத்திலேயே நின்றால் குண்டு அமரும் இருக்கையைப் பார்க்க வேண்டும், அல்லது வாஷரை. கழற்றும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்த தட்டை வையுங்கள். அந்தக் குண்டு கராஜ் தரையில் உருண்டால் திரும்பக் கிடைக்காது. குண்டை கார்புரேட்டர் கிளீனரில் கழுவி லென்ஸில் பாருங்கள், புள்ளி விழுந்திருந்தால் பேரிங் கடையில் அதே அளவில் எஃகுக் குண்டு வாங்கலாம். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் "பலப்படுத்தும்" பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். ஒரு பக்கம் கடினமாகி, அந்தப் பக்கத்தில் பம்ப் தள்ளுவதற்குத் திணறும், எண்ணெய் உள்ளேயே திரும்பிக் கசியும். மாட்டுவதற்கு முன் ஒரு சிரிஞ்சில் எண்ணெய் எடுத்து வால்வைச் சோதியுங்கள். பம்ப் பக்கமிருந்து விரலால் மெல்ல அழுத்தினால் திறக்க வேண்டும், எதிர்ப் பக்கமிருந்து தள்ளினால் ஒன்றும் போகக் கூடாது. கம்ப்ரஸர் காற்றை இங்கே கொண்டுவராதீர்கள்.

நாசில் முனையில் வாஷர் சரியில்லை என்றால் கேடு இரட்டிப்பு. அங்கே நுழையும் காற்று எண்ணெய்க் குழாயைக் குழப்புவதோடு நிற்காது, இன்டேக்கிலும் கலந்து இடது சிலிண்டரின் பெட்ரோல்-காற்றுக் கலவையில் காற்றைக் கூட்டி அதை மெலிதாக்கும். குறைந்த எண்ணெய், மெலிந்த கலவை இரண்டும் ஒரே சிலிண்டரில் சேர்ந்தால் பிஸ்டன் தப்பாது. இரண்டு பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடது பிளக் வெளுத்திருந்தால், ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்கத் தாமதித்தால், நாசிலையும் கார்புரேட்டர் ரப்பரையும் இடது கிராங்க் சீலையும் சேர்த்தே சந்தேகியுங்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் அடைத்து, கிராங்க் கேஸுக்குள் 0.4 பார் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பதுதான் இதற்கு நம்பகமான வழி. 1974 வண்டியில் கிராங்க் சீல் பழையதாகவே இருந்தால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாஷர் விஷயத்தில் நம் கடற்கரைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. டர்பன் கடல்காற்றில் நின்ற அலுமினியம் வெள்ளைப் பொடி பூத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும். வாஷர் அமரும் முகத்தில் அந்தக் குழி இருந்தால் புது வாஷர் போட்டாலும் காற்றுப் புகும், எண்ணெய் ஈரம் பூக்கும். தட்டையான மரக்குச்சியின் முனையில் மெல்லிய எமரித் தாளை ஒட்டி, எண்ணெய் தடவி, நிதானமாக வட்டமாகத் தேய்த்தால் முகம் சமமாகும். துகள் உள்ளே போகாமல் துளையைக் கிரீஸ் வைத்து அடைத்துக்கொள்ளுங்கள், பிறகு கழுவுங்கள். செம்பு வாஷரைத் திரும்பப் போடுவதென்றால் மங்கிய சிவப்பு வரும்வரை சுட்டு ஆறவிட்டால் மென்மையாகும். பேஞ்சோ போல்ட்டின் உள்ளே துளை, அதிகம் முறுக்கினால் கழுத்தில் ஒடியும். சின்ன ஸ்பேனரை நடுவில் பிடித்து, மணிக்கட்டு பலத்தோடு நிறுத்துங்கள். டெஃப்லான் டேப்பும் சிலிகான் பேஸ்டும் இந்தப் பாதையில் எங்குமே வரக் கூடாது. அதிலிருந்து பிய்ந்து வரும் ஒரு இழை போதும் செக் வால்வைத் திறந்தே வைத்திருக்க.

மீன்தொட்டிக் குழாயைக் கழற்றி எறிந்துவிடுங்கள். அது எண்ணெயும் இன்ஜின் சூடும் பட்டால் முதலில் தளரும், பிறகு கண்ணாடி மாதிரி விறைக்கும். சூட்டில் தளர்ந்து ஆறும்போது சுருங்கும் அந்த ஏற்ற இறக்கத்திலேயே முனையில் காற்று புகும். பெட்ரோல், எண்ணெய் இரண்டுக்கும் தாங்கும் ஒளிபுகும் குழாயைக் கேட்டு வாங்குங்கள். உள்விட்டம் முக்கியம். நாசிலில் ஏற்றுவதற்குக் கொஞ்சம் வெந்நீரில் முக்க வேண்டியிருந்தால் சரியான அளவு. கையால் சுளுவாக ஏறினால் பெரிது, அதைக் கிளிப் போட்டு இறுக்கிச் சரிசெய்ய முடியாது. கம்பி ஸ்பிரிங் கிளிப் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கும். பிளாஸ்டிக் டை ஒரு பக்கம் இடைவெளி விடும். கறுப்பு ரப்பர் குழாய் தரமானதாக இருந்தாலும் வேண்டாம், உள்ளே நடப்பதைப் பார்க்க முடியாமல் போகும்.

இனி இரண்டு குழாயிலும் குமிழி வரும் வண்டிக்காரர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் அதுவே அதிகம் இருக்கும். அங்கே சந்தேகம் பம்புக்கு முன்னால் திரும்ப வேண்டும். தொட்டி உயரத்தில் இருப்பதால் பம்பின் வாயிலில் எண்ணெயின் எடை தரும் அழுத்தம் எப்போதும் இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு? 30 சென்டிமீட்டர் உயர எண்ணெய் தருவது 0.03 பாருக்கும் குறைவு. வண்டி நிற்கும்போது அந்த அழுத்தம் கசிவை வெளியே தள்ளும், குழாய் முனையில் ஈரம் தெரியும். ஓடும்போது ஏதாவது காரணத்தால் அந்தச் சின்ன அழுத்தம் போய்விட்டால் அதே ஓட்டை காற்றை உள்ளே இழுக்கும். நிற்கையில் எண்ணெய் விடும் இடம்தான் ஓடுகையில் காற்று விடும் இடம். ஆகவே முதலில் துணியால் எல்லாவற்றையும் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை இணைப்புகளின் மேல் தூவி ராத்திரி விடுங்கள். காலையில் எங்கே கறை படிந்திருக்கிறதோ அங்கே பாருங்கள்.

அந்த அழுத்தத்தைக் கொல்லும் முதல் எதிரி தொட்டி மூடியின் காற்றுத் துளை. அது அடைத்திருந்தால் பம்ப் எண்ணெய் எடுக்க எடுக்கத் தொட்டிக்குள் வெற்றிடம் உருவாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மேலே 200 மில்லி காற்றிடம் இருக்கும்போது 10 மில்லி எண்ணெய் வெளியேறினால் உள்ளழுத்தம் சுமார் 0.05 பார் குறையும். எண்ணெயின் எடை தரும் 0.03-ஐ அது விழுங்கிவிடும். அந்த 10 மில்லி சில கிலோமீட்டர் ஓட்டத்திலேயே போய்விடும். தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் காற்றிடம் இன்னும் சிறிது, நிலைமை இன்னும் மோசம். "ஆயில் நிரப்பிய பிறகுதான் தொல்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் மூடியைத்தான் கேட்பேன். குமிழி வரும்போது மூடியைத் தளர்த்துங்கள். உஸ்ஸென்று சத்தம் கேட்டாலோ, கொஞ்ச நேரத்தில் குமிழி நின்றாலோ, ஒரு மெல்லிய கம்பியும் கொஞ்சம் பெட்ரோலும் போதும். அதன் பிறகு தொட்டி அடியில் இருக்கும் ரப்பர் வளையம், வாயிலில் உள்ள வலை வடிகட்டி. பழைய எண்ணெய் வண்டலாகி வலையை மூடியிருந்தால் அதுவும் உறிஞ்சும் பக்கத்தைப் பட்டினி போடும். தொட்டியையும் குழாயையும் சந்தேகத்திலிருந்து மொத்தமாக விலக்க, பிஸ்டன் எடுத்த ஒரு பெரிய சிரிஞ்சை உயரத்தில் கட்டி, அதிலிருந்து புதுக் குழாயில் பம்புக்கு எண்ணெய் கொடுத்துப் பாருங்கள். குமிழி நின்றால் பம்ப் குற்றமற்றது.

சிரிஞ்சிலிருந்து கொடுத்தும் இரண்டு குழாயிலும் குமிழி வந்தால் பம்பைக் கழற்ற வேண்டியதுதான். எல்லா வாயையும் அடைத்து, ஒரு வாயில் மட்டும் குழாய் மாட்டி, பாரஃபின் (மண்ணெண்ணெய்) நிரம்பிய டப்பாவில் முக்கி, சிரிஞ்சால் மெல்லக் காற்று கொடுங்கள். குமிழி எழும் இடம் பதில் சொல்லும். பெரும்பாலும் காற்றெடுக்கும் ஸ்க்ரூவின் வாஷர், கப்பிக்குப் பின்னால் இருக்கும் சீல், பம்பின் உடலை மூடும் கேஸ்கெட் இவற்றில் ஒன்று. ஓட்டும் தண்டின் பக்கம் சீல் போனால் எண்ணெய் கியர்பாக்ஸ் பக்கம் போகும், கியர் ஆயில் மட்டம் காரணமில்லாமல் ஏறும். சீலும் ஓ ரிங்கும் அளவு சொன்னால் பேரிங் கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பொருள்தான். பிளஞ்சரை மட்டும் தேய்க்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள். அது அந்த உடலுக்கென்று பொருத்தப்பட்டது. அதில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால்தான் "பம்ப் போச்சு" என்ற வார்த்தைக்கு இடம் உண்டு.

பெட்ரோலில் கலந்து ஓட்டும் யோசனையைப் பற்றி. உங்கள் மெக்கானிக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பந்தயக்காரர்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். தென்னாப்பிரிக்க வீரர் கார்க் பாலிங்டன் 1978, 1979 இரண்டு ஆண்டும் 250, 350 சிசி இரு பிரிவிலும் கவாசாகி டூ ஸ்ட்ரோக்கில் உலகப் பட்டம் வென்றதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்த வழி மேல் ஒரு மயக்கம் உண்டு. ஆனால் பந்தயத்தில் ஆக்சிலரேட்டர் பெரும்பாலும் திறந்தே இருக்கும். நீங்கள் க்ளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில்லில் இறங்குவதை யோசியுங்கள். ஆக்சிலரேட்டர் மூடியிருக்கிறது, கியர் இன்ஜினை வேகமாகச் சுற்றவைக்கிறது. எண்ணெய் பெட்ரோலோடு வந்தால், பெட்ரோல் நின்ற அந்த நேரத்தில் எண்ணெயும் நின்றுவிடும். பம்ப் இருந்தால் அது இன்ஜின் வேகத்தோடு சுற்றிக்கொண்டே தன் பங்கைக் கொடுக்கும். வான் ரீனன் கணவாயிலிருந்து நேட்டால் பக்கம் இறங்குபவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். மலையும் இறக்கமும் நிறைந்த மாகாணத்தில் அந்தப் பாதுகாப்பை ஒரு வாஷருக்காகவும் குண்டுக்காகவும் விட்டுக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜோஹன்னஸ்பர்க் போனவுடன் புகை கூடுகிறது என்று பம்பைத் திருகுபவர்களும் உண்டு. 1,700 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்து கலவை கெட்டியாகிறது, அது கார்புரேட்டர் ஜெட்டின் வேலை. பம்ப் உயரத்தை அறியாது.

எண்ணெயைப் பொறுத்தவரை ஜாஸோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எஃப்சி அல்லது எஃப்டி தரமுள்ள, பம்ப் வண்டிக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கும் எண்ணெயே சரி. நம் ஊரில் மீன்பிடிப் படகுக்காரர்கள் வீட்டில் டிசி-டபிள்யூ3 எண்ணெய் எளிதாகக் கிடைக்கும். அது தண்ணீரில் குளிரும் படகு இன்ஜினுக்கானது, காற்றில் குளிரும் ஆர்டிக்கு வேண்டாம். விளக்கெண்ணெய் கலந்த பந்தய எண்ணெயும் வேண்டாம், நின்றால் பிசினாகிக் குண்டை ஒட்டிவிடும். டப்பாவைக் குலுக்கி ஊற்றினால் நுண்குமிழி எண்ணெயில் கலந்து பல மணி நேரம் நிற்கும். தொட்டியின் ஓரமாகச் சரித்து மெதுவாக ஊற்றி, ஒரு ராத்திரி விட்டுவிட்டுப் பிறகு காற்றெடுப்பைத் தொடங்குங்கள்.

காற்றெடுப்பை இப்படிச் செய்யுங்கள். இரண்டு புதுக் குழாயையும் மாட்டுவதற்கு முன்பே சிரிஞ்சால் எண்ணெய் நிரப்பிவிடுங்கள், நீளமான இடது குழாயில் இது பெரிய உதவி. அந்தக் குழாய் மேடு கட்டாமல் பம்பிலிருந்து நாசில் வரை ஒரே சீராக ஏறும்படி வழி அமையுங்கள். பம்பில் இருக்கும் காற்றெடுக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, குமிழியில்லாமல் எண்ணெய் தொடர்ந்து வழியும்வரை கையால் சுற்றி, புது வாஷரோடு மூடுங்கள். பிறகு கலந்த பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சுமார் 2,000 ஆர்பிஎம்மில் வைத்து, பம்ப் கேபிளை மட்டும் கையால் முழுக்க இழுத்துப் பிடித்து ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். புகை தெருவை மறைக்கும், அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், கராஜ் கதவு திறந்திருக்கட்டும். கடைசிக் குமிழி நாசிலுக்குள் போவதைக் கண்ணால் பார்த்த பிறகு நிறுத்துங்கள்.

அதன் பிறகு பம்பின் மிகச்சிறு நகர்வை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள். அந்தக் காலத்து யமஹாக்களில் பெரும்பாலும் 0.20 முதல் 0.25 மில்லிமீட்டர், உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருப்பதே இறுதி. குறைவாக இருந்தால் மெல்லிய ஷிம் வாஷர் சேர்க்க வேண்டும். கப்பியின் கோடும் ஊசியும் எந்த ஆக்சிலரேட்டர் நிலையில் சேர வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதையும் கையேட்டில் பார்த்துக் கேபிளைச் சரிசெய்யுங்கள். தொட்டியின் பக்கத்தில் எண்ணெய் மட்டத்தைக் கோடு போட்டுவிட்டு, இன்னொரு டாங்க் கலந்த பெட்ரோலில் வெருலத்திலிருந்து பல்லிட்டோ பக்கம் வரை போய் வாருங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இடது குழாயைப் பாருங்கள். திரும்பி வந்து அளவுக் குவளையால் எண்ணெயைக் கோடுவரை நிரப்பினால், குடித்தது எவ்வளவு என்று தெரியும். பெட்ரோலை அதால் வகுத்துப் பாருங்கள். வேகமும் நிதானமும் கலந்த சாதாரணச் சாலை ஓட்டத்தில் 40-க்கு 1 அருகே வந்தால் நிம்மதி. 80-க்கு 1-ஐ விட மெலிந்திருந்தால் பம்பை இன்னும் நம்பாதீர்கள். மார்க்கர் கோட்டுச் சோதனையை அன்று ராத்திரி மறுபடி செய்து, காலையில் குழாய் முழுக்க எண்ணெயாக, சைலன்சர் இரண்டிலும் ஒரே அளவு புகையாக இருந்தால், அடுத்த டாங்கில் வெறும் பெட்ரோல் போடலாம்.